மலர் ஒன்பது, இதழ் ஒன்பது

கஸ்தூரிக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பாள். அந்த ஆடி மாதத்தில் கண்ணாடி துடைத்துத் துடைத்தே தேய்ந்துபோயிருக்க வேண்டும். காலை ஒன்பதரைக்கு நூலகத்தைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டவுடன் திரையில் ஒரு சிவப்புப் பட்டியல் வந்து நிற்கும். "வராத இதழ்கள்: 43." போய்க் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் நாற்பத்து மூன்றுதான். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு பார்த்தாலும் நாற்பத்து மூன்றுதான்.

"எதிர்ல அலமாரில குந்திகினு இருக்குது. இது வரலேன்னுது. நான் இன்னாதான் பண்றது?" என்று திரையைப் பார்த்தே கேட்பாள். திரையாவது பதில் சொல்வதாவது.

தவளக்குப்பத்திலிருந்து பாகூர் போகும் வழியில் உள்ள ஒரு தனியார் கல்லூரி அது. பெயர் எதற்கு, ஊரில் எல்லாக் கல்லூரியும் இப்படித்தான் இருக்கிறது. அதன் நூலகத்தில் கஸ்தூரிக்குப் பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. ஒவ்வொரு ஆவணியிலும் ஒரு தாள் வரும், கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம் ஓடும். அவள் பொறுப்பில் இருப்பவை பருவ இதழ்கள். அதாவது, வாரப் பத்திரிகை, மாதப் பத்திரிகை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஆராய்ச்சி ஏடு என்று முப்பத்தோரு பத்திரிகைகள். ஒவ்வொன்றும் வந்த அன்றே முத்திரை குத்தி, மலர் எண், இதழ் எண் பார்த்து, வந்த தேதியோடு பதிவு செய்ய வேண்டும். இவ்வளவுதான் வேலை. கேட்கிறவர்கள் "இது ஒரு வேலையா?" என்பார்கள். அவள் புருஷன் தமிழ்க்குமரனே அப்படித்தான் கேட்பான். அவன் மினி லாரி ஓட்டுகிறவன். சரக்கு ஏற்றாமலே ஏற்றியதாக எழுதினால் என்ன ஆகும் என்று அவள் திருப்பிக் கேட்டால் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

பத்து வருடம் நீலக் கட்டம் போட்ட பெரிய நோட்டில்தான் பதிவு நடந்தது. ஒரு தொல்லையும் இல்லை. போன பொங்கலுக்குப் பிறகு புதுச்சேரியிலிருந்து புகழ்வேந்தன் என்கிற பையன் வந்து சாஃப்ட்வேர் போட்டான். பையன் என்றால் முப்பது வயது இருக்கும், மீசை வைத்த பையன். கஸ்தூரியின் நோட்டிலிருந்து இரண்டு வருடக் கணக்கை இரண்டே நாளில் ஏற்றினான். இனி எந்தப் பத்திரிகை எப்போது வரும் என்று கம்ப்யூட்டரே முன்கூட்டிச் சொல்லும், வந்தவுடன் "வந்தது" என்ற பட்டனை அழுத்தினால் போதும் என்றான். வராவிட்டால் வரியைச் சிவப்பாக்கிக் காட்டும் என்றான். டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வண்டியேறிப் போய்விட்டான். அன்று பிடித்தது சனியன்.

என்ன ஆயிற்று என்றால், நான்கு தமிழ்ப் பத்திரிகைகளுக்கு வருடம் சித்திரையில் பிறக்கிறது. சித்திரை இதழ் ஒன்று, வைகாசி இரண்டு, அப்படியே போய்ப் பங்குனி பன்னிரண்டு. அதோடு ஒரு மலர் முடிந்து அடுத்த மலர் தொடங்கும். புகழ்வேந்தனின் கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. அதற்கு எல்லாப் பத்திரிகைக்கும் ஜனவரியில்தான் புது வருடம். தை மாதம் கையில் இருக்கும் பத்திரிகையில் "மலர் 9, இதழ் 10" என்று அச்சடித்திருக்கும். திரையோ "மலர் 10, இதழ் 1" எங்கே என்று கேட்கும். இல்லாத பத்திரிகையை எங்கிருந்து கொண்டுவருவது?

வேறு யாராவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு "வந்தது" என்று தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நூலகர் ராஜ்மோகன் அதைத்தான் சொன்னார். அவருக்குக் கஸ்தூரியைவிட ஆறு வயது குறைவு, தலைவலி மட்டும் பத்து மடங்கு அதிகம்.

"கஸ்தூரிம்மா, பத்திரிக வந்துச்சு இல்ல? அழுத்திட்டுப் போங்களேன்."

"வந்தது வேற சார். இது கேக்கறது வேற."

"ஏதோ ஒண்ணு வந்துச்சா இல்லையா?"

"ஏதோ ஒண்ணு வந்தா ஏதோ ஒண்ணுன்னு ஒரு பட்டன் வைக்கச் சொல்லுங்க. அழுத்தறேன்."

ராஜ்மோகன் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

கஸ்தூரியின் இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. அவள் பிறந்தது பண்டசோழநல்லூரில். பத்தாவது படிக்கும்போது வகுப்பில் இரண்டு கஸ்தூரிகள். வாத்தியார் அவசரத்தில் "கஸ்தூரி" என்று ஒருமுறைதான் கூப்பிடுவார். முதல் பெஞ்சு கஸ்தூரி "உள்ளேன் ஐயா" என்பாள், கதை முடிந்தது. கடைசி பெஞ்சில் இருந்த நம் கஸ்தூரி வாயைத் திறப்பதற்குள் அடுத்த பெயர் போய்விடும். பொதுத்தேர்வு நெருங்கும்போது பார்த்தால் அவளுக்கு நாற்பத்தொரு நாள் "வரவில்லை". தேர்வு எழுத முடியாது என்றார்கள். "நான் டெய்லி வந்தேன் சார்" என்று தலைமையாசிரியர் முன்னால் நின்று அழுதாள். ரிஜிஸ்டரில் இல்லை என்றால் வரவில்லை என்றுதான் அர்த்தம் என்று சொல்லிவிட்டார் அந்தப் புண்ணியவான். ஒரு வருடம் போயிற்று. அந்த ஒரு வருடமும் அப்பாவோடு கரும்புத் தோட்டத்தில் காய்ந்த இலையான சோகையை உரித்தாள். கையில் கீறல் விழும்போதெல்லாம் அந்த ரிஜிஸ்டரை நினைத்துத் திட்டினாள். வந்ததை வரவில்லை என்று எழுதுவதும் பாவம், வராததை வந்தது என்று எழுதுவதும் அதே பாவம் என்று அன்றே அவள் மனசில் ஏறிவிட்டது. நாற்பத்து நான்கு வயதிலும் இறங்கவில்லை.

இதுவரை வெறும் எரிச்சல்தான். ஆடி பதினெட்டு முடிந்த மறுநாள் அது வயிற்றுப் பிழைப்புக்கே வந்தது.

கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வரப்போகிறது, இன்னும் நான்கு வாரம் என்று செய்தி. நிர்வாக அலுவலகத்தில் யாரோ ஒரு மகராசன் நூலகத்தின் சிவப்புப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டான். போன மாதம்தான் பழைய தினசரிகளைக் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டோடு நாற்பத்து மூன்று பத்திரிகைகளும் போய்விட்டனவா என்று கேள்வி வந்தது. கேள்வி வந்த மூன்றாம் நாள் ஒரு படிவமும் வந்தது. "கீழ்க்கண்ட இதழ்கள் என் பொறுப்பில் இருந்தபோது காணாமற்போயின என்பதை ஒப்புக்கொள்கிறேன்." கீழே கஸ்தூரி கையெழுத்துப் போட ஒரு கோடு.

"குழு வர்றதுக்குள்ள பட்டியல் காலியாகணும். இல்லன்னா இதுல கையெழுத்து வாங்கச் சொல்றாங்க. கையெழுத்துப் போட்டீங்கன்னா ஆவணி தாள் வராது. என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் ராஜ்மோகன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே நான்கு பேர் இருக்கிறார்கள்.

"அலமாரில வந்து பாக்கச் சொல்லுங்க சார். எல்லாம் இருக்குது."

"யாரும் அலமாரிய பாக்கமாட்டாங்க. ஸ்கிரீனைத்தான் பாப்பாங்க."

கஸ்தூரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அன்றிலிருந்து புகழ்வேந்தனுக்குப் போன் போட ஆரம்பித்தாள். முதல் வாரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது "டிக்கெட் போடுங்க மேடம்" என்றான். டிக்கெட் என்றால் அவர்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் எழுதிப் போடும் புகாராம். போட்டாள். "உங்கள் புகார் பெறப்பட்டது" என்று பதில் வந்தது. அடுத்த நாளும் போட்டாள். அதுவும் பெறப்பட்டது. நான்காம் டிக்கெட்டுக்குப் பிறகு அவனே கூப்பிட்டான்.

"மேடம், வருஷம் ஜனவரிலதானே ஆரம்பிக்கும்?"

"உங்க வூட்ல சித்திரை ஒண்ணாந்தேதி வடை பாயசம் செய்றாங்களா இல்லையா?"

"செய்றாங்க மேடம்."

"எதுக்கு செய்றாங்க?"

"ஐயோ, ஆமா மேடம்" என்றான். அன்று சாயங்காலமே மாற்றிக் கொடுத்தான். கம்ப்யூட்டர் ஏற்காததால் பழைய நோட்டிலேயே குறித்து வைத்திருந்த தேதிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பதிந்தாள் கஸ்தூரி. நாற்பத்து மூன்று மளமளவென்று இறங்கி, இரண்டு நாளில் ஒன்றில் வந்து நின்றது. அந்த ஒன்று மட்டும் செத்தாலும் நகரமாட்டேன் என்றது.

"மடைவாய். மலர் 9, இதழ் 9. மார்கழி. வரவில்லை."

மடைவாய் என்பது விவசாயப் பத்திரிகை. வில்லியனூர்ப் பக்கம் சிவப்பிரகாசம் என்பவர் தனி ஆளாக நடத்துகிறார். எழுதுவது, அச்சகத்துக்கு எடுத்துப் போவது, மடிப்பது, முகவரி ஒட்டுவது எல்லாம் அவரேதான். முந்நூறு பிரதி போடுவார். மற்றபடி நெல் பயிரிடுகிறவர். கல்லூரிப் பிரதியைத் தபாலில் போடமாட்டார். வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர் வீரமணியிடம் கொடுத்துவிடுவார். வீரமணி கல்லூரி வாசலில் பஸ்ஸை நிறுத்தி, "அக்கா, பேப்பர்!" என்று குரல் கொடுத்தால் வாட்ச்மேன் வாங்கி வைப்பார். ஒன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு.

போன கார்த்திகையில் அடித்த புயலில் சங்கராபரணி ஆறு கரையை மீறி அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. அந்த மாதம் பத்திரிகை வரவில்லை. மார்கழிக் கடைசியில் "கார்த்திகை – மார்கழி, இதழ் 8–9" என்று இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே இதழாகப் போட்டார். கஸ்தூரி நோட்டில் 8–9 என்று எழுதியிருந்ததைக் கம்ப்யூட்டர் எட்டாம் இதழாக மட்டும் ஏற்றிக்கொண்டது. ஒன்பதாவது வரி அந்தரத்தில் தொங்குகிறது.

"ரெண்டும் சேந்த இதழ்னு போட வழி இல்லையா?" என்று புகழ்வேந்தனைக் கேட்டாள்.

"அது அடுத்த வெர்ஷன்ல வரும் மேடம்."

"எப்ப வரும்?"

"டிக்கெட் போடுங்க மேடம்."

"அந்த வரிய தூக்கவாவது முடியுமா?"

"தூக்கணும்னா டிரஸ்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும் மேடம். அவங்களுக்கு மட்டும்தான் பாஸ்வேர்டு."

கல்லூரியை நடத்தும் அந்த டிரஸ்ட் ஆபீஸில் கேட்டால், அந்த இதழ் வெளிவரவே இல்லை என்று பத்திரிகைக்காரரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். சரி, அது நியாயம். ஒரு வரிக் கடிதம்தானே.

இதற்கெல்லாம் முன்பிருந்தே இன்னொரு கூத்து. வீரமணி அந்தச் சேர்ந்த இதழையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். மாசியில் ஒன்று, சித்திரையில் ஒன்று, ஆனியில் ஒன்று. "இன்னாக்கா, ஒரே பேப்பர எத்தினி வாட்டி படிப்பீங்க?" என்று கிண்டல் வேறு. கஸ்தூரிக்கு ஒன்றும் புரியாமல் புகழ்வேந்தனைக் கேட்டாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சிவப்பாக இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் கம்ப்யூட்டர் தானாகவே மாதம் ஒருமுறை பத்திரிகைக்காரருக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்ததாம். தை முதல் ஆடி வரை சிவப்பிரகாசத்துக்கு ஏழு மெயில் போயிருக்கிறது. "தங்கள் மார்கழி இதழ் இன்னும் கிடைக்கவில்லை. வாசகர்கள் ஆவலுடன் எதிர்பார்க்கிறார்கள். அன்புகூர்ந்து அனுப்பி உதவவும்." புகழ்வேந்தன் என்றோ எழுதி வைத்த வாசகம். அதை ஒரு வாசகரும் எதிர்பார்க்கவில்லை என்பது கஸ்தூரிக்குத் தெரியும். மடைவாய் இருக்கும் தட்டைத் துடைப்பதற்கு அவளைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. அவளே அட்டையில் மலர் எண்ணும் இதழ் எண்ணும் பார்த்ததோடு சரி.

"ஒரு வயசான மனுஷன இப்டியா பாடாப்படுத்துவீங்க? சொல்ல மாட்டீங்களா என்னாண்ட?" என்று போனில் கத்தினாள்.

"அது டீஃபால்ட் மேடம், யாரும் சொல்லாமலே தானாப் போகும்" என்றான் அவன்.

சிவப்பிரகாசத்துக்கு நான்கு முறை போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வயலில் இருந்தால் எடுக்கமாட்டாராம், வீரமணி சொன்னான். கடைசியில் ஒரு தாளில் எழுதி அவனிடமே கொடுத்தனுப்பினாள். "ஐயா, மார்கழி இதழ் தனியாக வெளிவரவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவும். மிகவும் அவசரம்." அடியில் ஒரு கோடு போட்டு, அவசரம் என்பதற்கு இன்னொரு கோடும் போட்டாள்.

ஒரு வாரம் ஆயிற்று. பதில் இல்லை. "குடுத்துட்டேன்க்கா. படிச்சிட்டு, அனுப்பறேன்னார்க்கா" என்று வீரமணி தினமும் சத்தியம் செய்தான். வீட்டில் சோறு இறங்கவில்லை. "நாற்பத்திரண்ட சரி பண்ணினவ, ஒண்ணே ஒண்ணுதானே, அழுத்தித் தொலையேன்டி" என்றான் தமிழ்க்குமரன். "நீ கம்முனு இரு" என்றாள். அவன் சொல்வதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். கைதான் வரவில்லை.

குழு வரும் நாள் வந்தது. காலை பத்து மணிக்கு அவர்கள் வாசலில் இருப்பார்கள். எட்டரைக்கே வந்துவிட்டாள் கஸ்தூரி. மேசையில் அந்தப் படிவம் பேனாவோடு காத்திருந்தது. ஒன்பதே காலுக்கு வாசலில் பஸ் ஹார்ன். வாட்ச்மேனை எதிர்பார்க்காமல் அவளே ஓடினாள்.

"அக்கா, அனுப்பிட்டாரு! பத்ரமா குடுக்கச் சொன்னாரு!" வீரமணி படியில் தொங்கியபடி ஒரு பழுப்பு உறையை நீட்டினான்.

அப்பாடா என்று இருந்தது. நடந்துகொண்டே பிரித்தாள். பிரித்தவள் வேப்பமரத்தடியில் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கடிதம் இல்லை. எட்டுப் பக்கத்தில், நடுவில் இரண்டு பின் அடித்து, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்த ஒரு பத்திரிகை. அட்டையில் பெரிய எழுத்தில்: "மடைவாய். மலர் 9, இதழ் 9. மார்கழி."

"அட கடவுளே! அட கடவுளே!" தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டது ஒரு வரி. வந்திருப்பதோ எட்டுப் பக்கம். இப்போது வெளிவரவில்லை என்று சொல்லவும் வழியில்லை. அங்கேயே நின்று போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார் அந்த மனிதர்.

"சார், நான் பாகூர் காலேஜ் லைப்ரரி கஸ்தூரி. நான் இன்னா கேட்டேன், நீங்க இன்னா அனுப்பியிருக்கீங்க? ஒரு வரி சார்! வரலேன்னு ஒரே ஒரு வரி!"

"கெடச்சிடுச்சாம்மா?" என்றார் அவர். குரலில் அத்தனை சந்தோஷம். "ஒரு வாரமா உக்காந்து எழுதினேன். ஒரு பிரதிதான் போட்டேன், உங்களுக்கு மட்டும். முன்னாடி அனுப்பினத நீங்க ஒத்துக்கல, திரும்பத் திரும்ப மார்கழிதான் வேணும்னீங்க. சரிதான், ரெண்டு மாசத்த ஒண்ணாப் போட்டு ஏமாத்தினது என் தப்புதானே."

"ஐயோ, அப்படி இல்ல சார்..."

"இல்லம்மா. ஒம்போது வருஷமா நடத்தறேன். வந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னதில்ல. வரலேன்னும் ஒருத்தர் கேட்டதில்ல. வெள்ளத்தோட நிறுத்திடலாம்னுதான் இருந்தேன். நீங்க ஏழு வாட்டி கேட்டீங்க. வாசகர்கள் ஆவலா எதிர்பாக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அத்த படிச்சிட்டு வெளிவரலேன்னு எப்படிம்மா எழுதிக் குடுக்கறது? வெக்கமா இருக்காதா?"

கஸ்தூரி வாயைத் திறந்தாள். அது நான் இல்லை சார், அது டீஃபால்ட் சார் என்று சொல்ல வேண்டும்.

"யாரும்மா அந்த வாசகரு? பசங்களா, வாத்தியாரா? தெரிஞ்சிக்கலாமேன்னுதான்" என்று கேட்டார் சிவப்பிரகாசம்.

"நான்தான் சார்" என்றாள் கஸ்தூரி.

போனை வைத்த பிறகுதான் செய்தது உறைத்தது. வராததை வந்தது என்று ஒருநாளும் எழுதாதவள், பச்சைப் பொய் சொல்லியிருக்கிறாள். அதுவும் காலங்கார்த்தால, ஒரு நல்ல மனிதரிடம். உள்ளே போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"வந்துருச்சா? கடுதாசி வந்துருச்சா?" ராஜ்மோகன் ஓடிவந்தார். பத்திரிகையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இதழே வந்துருச்சா! சாமி! அழுத்துங்கம்மா, அழுத்துங்க. தேதிய போன டிசம்பர்னு போட்டு அழுத்திடுங்க."

"இன்னிக்கு வந்துச்சு சார். இன்னிக்குத் தேதிதான் போடுவேன்."

"சரி, எதையாவது போட்டு அழுத்துங்க!"

"படிச்சிட்டு அழுத்தறேன்."

"என்னது?"

"படிச்சிட்டு அழுத்தறேன்னேன் சார்."

ராஜ்மோகன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். "விளையாடற நேரமாம்மா இது?" என்று குரல் உடைந்து கேட்டார். கஸ்தூரி பக்கத்தைத் திருப்பினாள்.

மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தும் எழுந்து நின்ற நெல் எது, அழுகிப்போனது எது என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தார். வயலில் படிந்த மணலை எந்தப் பதத்தில் வாரினால் மண் கெடாது என்று மூன்றாம் பக்கத்தில். நான்கும் ஐந்தும் முழுக்கப் பெயர்கள். நாற்று மிஞ்சியவர்களில் யார் யார் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள், ஊர் ஊராக. அதில் பண்டசோழநல்லூரும் இருந்தது. அவளுக்குத் தெரிந்த இரண்டு வீட்டுப் பெயர்களும் இருந்தன. யாரும் எங்கேயும் பதியாத பெயர்கள். விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ராஜ்மோகன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கஸ்தூரிம்மா, கைய எடுத்துக் கும்பிடறேன்" என்றார். அவள் ஆறாம் பக்கத்தில் இருந்தாள். வெளியே மாலை போட்டுக் கைதட்டினார்கள். அவள் ஏழாம் பக்கத்தில் இருந்தாள். பேச்சுக் குரல்கள் மாடிப்படி ஏறி வந்தன. எட்டாம் பக்கத்தின் அடியில், இப்போதும் போன மார்கழியே நடப்பது போல, "தை இதழ் வழக்கம்போல் வெளிவரும்" என்று போட்டிருந்தார். அதையும் படித்தாள்.

பிறகு பத்திரிகையில் முத்திரை குத்தி, அன்றைய தேதியைப் போட்டு, "வந்தது" என்று அழுத்தினாள்.